முந்நூறு கட்டுரையும் ஆறிப்போன பிளேன்டீயும்

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. உயர்தரம் கலைப்பிரிவில் படித்துக்கொண்டிருந்தபோதே கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்துவிட்டேன். மகள் இப்போது கம்பஸில். இரவு வேலையெல்லாம் முடிந்ததும் போனில் இலவசக் கட்டுரைகள் வாசிக்கிறேன். ஒருநாள் விண்வெளி, மறுநாள் ஓவியம், அப்புறம் சட்டம், உளவியல். பக்கத்தில் வைத்த, பால் விடாத பிளேன்டீ ஆறிப்போவதுகூடத் தெரியாது. சேமித்து வைத்தவை மட்டும் முந்நூறுக்கு மேல். ஆனால் ஒரு கிழமை போனால் ஒன்றும் மனதில் இல்லை. ஆங்கிலமும் மெதுவாகத்தான் ஓடும். "இந்த வயசில இதெல்லாம் படிச்சு என்ன செய்யப் போறீர்?" என்று இவர் சிரிக்கிறார். சான்றிதழ் ஏதும் கிடைக்குமா? நேரத்தை வீணாக்குகிறேனா?

பதில்: தங்கச்சி, போன் வருவதற்கு முன்பே எனக்கும் இந்த வியாதி இருந்தது. பத்திரிகைக் கட்டுரைகளை வெட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். வால்வெள்ளி, செப்புச்சிலை, நீரிழிவு, எல்லாம் அதற்குள்தான். ஆறுதலாக வாசிக்கலாம் என்று எண்ணம். ஒருநாள் திறந்தால் அடி துருப்பிடித்து, கடுதாசியெல்லாம் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. இரண்டு நிமிடம் வருந்தினேன். அதற்கு மேல் வருந்த முடியவில்லை, உள்ளே என்ன வைத்திருந்தேன் என்றே ஞாபகம் வரவில்லை.

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 2006 முதல் நடத்தும் 'ஓப்பன்லேர்ன்' போன்ற தளங்களில் கட்டுரைகளும் சிறு பாடநெறிகளும் இலவசம். பாடநெறியை முடித்தால் பங்குபற்றியதற்கான ஒரு தாளும் தருவார்கள். சுவரில் மாட்டலாம், பட்டமாகாது. வேலைக்குக் காட்டத் தாள் வேண்டுமென்றால் நாவலைக்குப் போய் நம் திறந்த பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிவது தாள் ஆசை இல்லை.

நினைவில் நிற்காததற்கு வயது காரணமில்லை. அந்தக் கட்டுரைகள் எதுவும் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதிலாக வரவில்லை. யாரோ முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள், நீங்கள் சாப்பிட்டீர்கள். கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும். எங்கே தேடுவது என்று கேட்காதீர்கள், ஆறிப்போன அந்தப் பிளேன்டீயே போதும்.

அது ஏன் கறுப்பு? கொழுந்தை வாட்டி உருட்டும்போது இலையின் உயிர்க்கலங்கள் உடைகின்றன. உள்ளேயிருக்கும் நொதியம் (என்சைம்) காற்றுப்பட்டு வேலையைத் தொடங்க, இலை கறுக்கிறது. இது ஒட்சியேற்றம். பச்சைத் தேயிலையும் அதே செடிதான், முதலிலேயே சூடுகாட்டி நொதியத்தை அடக்கிவிடுகிறார்கள். பலர் இந்த ஒட்சியேற்றத்தை நொதித்தல் என்று எழுதுவார்கள், ஆனால் தோசை மாவு புளிப்பதுபோல நுண்ணுயிர் வேலை ஏதும் இதில் இல்லை.

சரி, இந்தச் செடி இங்கே எப்படி வந்தது? கோப்பியை நோய் அழித்தது, பிறகு தேயிலைக்கு மாறினார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடும் கட்டுரைகள் உண்டு. ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை கண்டிப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டது 1867. கோப்பியில் இலைத்துரு தெரியவந்தது 1869. நோய்க்கு முன்பே தேயிலை மண்ணில் இருந்தது, நோய்தான் அதற்கு மலையைத் திறந்துவிட்டது. இந்தச் சின்ன வித்தியாசம் ஒரு கட்டுரையை மட்டும் வாசித்தால் கிடைக்காது. அப்புறம், அந்தத் 'துரு' என் பிஸ்கட் டின்னில் பிடித்த துரு இல்லை, ஒரு பங்கசு, அதாவது பூஞ்சை. மொழிபெயர்ப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு நம்பியிருந்தால் இந்த மாதிரி இடத்தில்தான் சறுக்கும்.

அங்கிருந்து தோட்டத் தொழிலாளரிடம் போங்கள். கோப்பிக் காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியே மலைக்கு நடந்தவர்கள். அவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோரின் குடியுரிமை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போனது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரின் கணக்கைத் தீர்க்க 1974இல் இன்னொரு ஒப்பந்தம். விஞ்ஞானத்தில் தொடங்கிய நீங்கள் இப்போது சட்டத்துக்குள் நிற்கிறீர்கள். தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடினால் இலக்கியத்துக்குள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது, அதைப் பிடித்தால் பொருளியலுக்குள். நீங்கள் தனித்தனியாகச் சேமித்த எல்லாத் துறையும் ஒரு கோப்பைக்குள் இருக்கிறது.

ஆங்கிலம் மெதுவாக ஓடினால் ஓடட்டும், முதலில் தமிழில் கால் ஊன்றுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடசாலைப் புத்தகங்கள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. நொதியம், பங்கசு, ஒட்சியேற்றம் எல்லாம் நான் அவற்றிலிருந்து எடுத்த சொற்கள்தான். பத்தாம், பதினோராம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பாடம் வாசித்துவிட்டு ஆங்கிலக் கட்டுரைக்குப் போனால் பாதி தெரிந்ததாக இருக்கும். நம் ஊர்ச் சங்கதிக்கு 'நூலகம்' எண்ணிம நூலகம். 2005இல் தொடங்கியது. ஈழத்துத் தமிழ் நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. உள்ளே போனால் வெளியே வருவது கஷ்டம், முன்பே சொல்லிவிட்டேன்.

ஒரு கொப்பி வாங்குங்கள். மேலே கேள்வி. வாசித்து முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நினைவில் இருப்பதைத் தமிழில் ஐந்து வரி எழுதுங்கள். பார்த்து எழுதக் கூடாது. எழுத வராத இடம்தான் விளங்காத இடம், அங்கே மட்டும் திரும்பிப் போங்கள். மாதத்துக்கு ஒரு கேள்வி தாராளம். அந்த முந்நூறையும் அழித்துவிடலாம், அவை எங்கேயும் போகாது.

உங்களவர் சிரிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இன்றிரவு அவருக்கும் ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்து, இது ஏன் கறுப்பாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.