டியூனிங்கில் 41 குதிரைத்திறன் கூடியதாகச் சொல்லும் டைனோ தாளை நம்பலாமா?

கேள்வி: என் பிக்கப் டிரக் டர்போ டீசல், ஆட்டோமேட்டிக் கியர். தயாரிப்பாளர் சொல்லும் திறன் 200 குதிரைத்திறன். டியூனிங்குக்கு (இன்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றுவது) முன் ஒரு பட்டறை டைனோவில் (வண்டியை உருளைமேல் ஓட்டித் திறன் அளக்கும் இயந்திரம்) 164 வந்தது. டியூன் செய்தவர் தன்னுடைய டைனோவில் ஓட்டி 205 என்று தாள் கொடுத்தார். முதல் தாளின் ஓரத்தில் ‘எஸ்ஏஇ’ என்றும், இரண்டாவதில் ‘எஸ்டிடி’ என்றும் இருக்கிறது. வண்டி முன்பு பழுதாக இருந்ததா? 41 கூடியது உண்மையா? இதில் டிரெய்லர் இழுக்கப் போகிறேன்.

பதில்: வண்டியில் பழுது இல்லை. 200 என்பது இன்ஜினின் கிராங்க் தண்டில் அளந்தது. டைனோ அளப்பது சக்கரத்தில். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், டயர் எல்லாம் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டது போக 164 மிஞ்சியிருக்கிறது, இயல்பான எண்தான். சக்கரத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பதையும் தயாரிப்பாளர்கள் கையேட்டில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் இத்தனை பேர் வீணாகப் பதற வேண்டியதில்லை.

41 என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். எஸ்ஏஇ, எஸ்டிடி இரண்டும் காற்றின் வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கான திருத்தக் கணக்குகள். எஸ்ஏஇ 25 டிகிரி செல்சியஸ் காற்றை அடிப்படையாகக் கொள்கிறது. எஸ்டிடி சுமார் 15.5 டிகிரியில் இருக்கும், இன்னும் அடர்த்தியான காற்றைக் கொள்கிறது. அதனால் அதே ஓட்டம் எஸ்டிடியில் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதலாகத் தெரியும். உங்கள் 205 எஸ்ஏஇ கணக்கில் 197 அளவுக்கு வந்துவிடும். அந்த 8 குதிரைத்திறன், டைனோவின் மென்பொருளில் ஒரு தேர்வை மாற்றியதால் வந்தது. இன்ஜின் அதைக் கொடுக்கவில்லை. எந்தத் திருத்தம் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடும்படி எந்தப் பட்டறையையும் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இது எனக்குப் பல ஆண்டுகளாகத் தீராத எரிச்சல்.

மிச்சம் 33 முழுவதும் உண்மையா? சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு டைனோக்கள். கனமான உருளை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று பார்ப்பது ஒரு வகை; உருளைக்கு பிரேக் சுமை கொடுத்து அளப்பது இன்னொரு வகை. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண்ணோடு கழித்துப் பார்ப்பதில் பொருள் இல்லை.

டர்போ வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. இதை விளக்காமல் விட மாட்டேன், ஏனென்றால் ஏமாற்று அதிகம் நடப்பது இங்கேதான். திருத்தக் கணக்கு, மெல்லிய காற்றில் இன்ஜின் திறன் இழக்கும் என்று கருதி அந்த இழப்பைத் திரும்பச் சேர்க்கிறது. டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது சரி. புகைவாயுவால் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அழுத்தும் டர்போவோ, காற்று மெலிந்தால் இன்னும் வேகமாகச் சுழன்று குறையில் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டிவிடுகிறது. நடக்காத இழப்புக்கும் ஈடு சேர்ந்துவிடும். உயரமான ஊரில் திருத்தக் காரணி 1.10 என்று வந்தால், சக்கரம் உண்மையில் கொடுத்த 180 தாளில் 198 ஆகிவிடும். அதனால் டர்போ டீசலுக்குத் திருத்தாத எண்ணையும் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்குகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

டியூன் விற்றவரே அளந்து சான்று தருவதை நான் ஏற்பதில்லை. முதல் ஓட்டத்தைச் சூடேறிய இன்ஜினில் நடத்திவிட்டு, இரண்டாவதை ஆறவைத்து, பெரிய மின்விசிறி வைத்து நடத்துகிறார்கள். வரைபடத்தின் அச்சை 0-க்குப் பதில் 120-இல் தொடங்கினால் சிறு மேடும் மலையாகத் தெரியும். இடைத்தரகர்கள் இன்னும் மோசம்: எங்கிருந்தோ வாங்கிய ஒரே டியூன் கோப்பை எல்லா வண்டிக்கும் ஏற்றிவிட்டு, ‘உங்கள் வண்டிக்கென்றே எழுதியது’ என்பார்கள். டியூனுக்கு முன் இன்ஜின் கணினியில் இருந்த அசல் கோப்பு உங்கள் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே கேளுங்கள்.

தாளில் உச்ச எண்ணைத் தேடாதீர்கள். டிரெய்லர் இழுப்பவருக்கு நிமிடத்துக்கு 1,800 முதல் 2,800 சுற்று வரை முறுக்குவிசைக் கோடு எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். தொடக்கத்தில் கூர்மையாக எழும்பி உடனே சரிந்தால் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்; டார்க் கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக் வண்டியில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைக்கும் பாகம்) பூட்டாத நிலையில் விசையைப் பெருக்கிக் காட்டுவதாக இருக்கலாம். ஒரு சரிபார்ப்பும் செய்யலாம்: நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வர வேண்டும். 2,000 சுற்றில் 520 என்றால் 146. தாளில் அது பொருந்தாவிட்டால் அந்தத் தாளைத் தள்ளிவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: விற்பனையில் பங்கில்லாத ஒரு டைனோவில், ஒரே நாளில், அசல் கோப்பில் மூன்று ஓட்டம், டியூன் கோப்பில் மூன்று ஓட்டம். கியர், டயர் காற்று, இன்ஜின் வெப்பம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். அச்சிட்ட தாளோடு ஓட்டத்தின் மூலக் கோப்பையும் வாங்குங்கள். கூடவே டர்போவுக்கு முன்னால் புகைவாயு வெப்பத்தையும் பதிவுசெய்யச் சொல்லுங்கள். டைனோ ஓட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். சுமையோடு மேடேறுவது பல நிமிடம் நீடிக்கும். அந்தச் சில விநாடிகளிலேயே வெப்பம் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், டியூன் செய்தவர் எரிபொருளைக் குறைத்துக் கொடுக்கும்வரை டிரெய்லரை மாட்டாதீர்கள்.