'சிக்னல் இல்லை' என்று நிற்கும் புல்வெட்டி ரோபோ

உங்கள் புல்வெட்டி ரோபோ 'சிக்னல் இல்லை' என்று நின்றுவிட்டதாகக் கேட்டிருந்தீர்கள். ரோபோவில் கோளாறு இருக்காது. அது சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் மேடையின் விளக்கும் சிவப்பாகிவிட்டது என்கிறீர்களே, பெரும்பாலும் மண்ணுக்குள் எல்லை வயர் (புல்வெளியைச் சுற்றிப் புதைத்த, ரோபோவுக்கு சிக்னல் தரும் வயர்) அறுந்திருக்கும்.

கும்பகோணம் பக்கக் களிமண் சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். வயரையும் இழுத்து அறுத்துவிடும். எங்கள் வீட்டில் பெருச்சாளி கடித்தது, அது தனிக்கதை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேடையிலிருந்து வயரின் இரு முனைகளையும் கழற்றுங்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து அந்த இரு முனைகளையும் தொடுங்கள். சத்தம் வராவிட்டால் வயர் அறுந்திருக்கிறது; வெடிப்பு குறுக்கே ஓடும் இடங்களையும் பழைய ஒட்டுகளையும் முதலில் தோண்டுங்கள். வயருக்குள் செம்பு பச்சை பூத்திருந்தால், பச்சை உள்ள பகுதி முழுவதையும் வெட்டி எறியுங்கள்.

ஒட்டுக்கு ஜெல் நிரப்பிய கனெக்டர்தான். இன்சுலேஷன் டேப் ஐப்பசி மழைக்குத் தாங்காது.

பீப் வந்தாலும் முழுதாக நம்பாதீர்கள், துருவேறிய ஒட்டிலும் வரும். ஒட்டெல்லாம் சரி என்றால் அப்புறம் அடாப்டரைப் பாருங்கள்.