ஏர் ஃபில்டரை மாற்றினால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: ஐந்து வருடப் பழைய டீசல் கார் வைத்திருக்கிறேன். கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய பருத்தித் துணி ஃபில்டர் போட்டால் பிக்கப்பும் மைலேஜும் கூடும் என்று உதிரிபாகக் கடைக்காரர் சொல்கிறார். இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனரோ, அதைத் தெரிவிக்காமல் போட்டால் கிளெய்ம் கிடைக்காது என்கிறார். போடலாமா? தெரிவிக்க வேண்டுமா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: நீங்கள் ஓட்டும் சாலைக்கு அந்த ஃபில்டர் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குக் குறைந்தது 10,000 லிட்டர் காற்றாவது தேவைப்படும். டீசல் என்ஜின் அதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். கார்த்திகை பிறந்ததிலிருந்து மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்றில், மழை குறைந்த சித்தூர் வட்டாரத்தின் வறண்ட மண் எவ்வளவு பறக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எம்-சாண்ட் ஏற்றிய டிப்பருக்குப் பின்னால் போகும்போது ஃபில்டர் செய்ய வேண்டிய முதல் வேலை தூசியைத் தடுப்பதுதான். காற்றைத் தாராளமாக விடுவது அதற்கு அடுத்ததுதான். துணி ஃபில்டர் விற்பவர்கள் இந்த இரண்டாவது வேலையை மட்டுமே பெரிதாகப் பேசுகிறார்கள்.

மைலேஜ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணினி மூலம் எரிபொருள் அளக்கப்படும் பெட்ரோல் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தபோதும் மைலேஜ் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. வேகம் எடுப்பதில்தான் தாமதம் தெரிந்தது. அடைத்துக்கொண்ட ஃபில்டரே மைலேஜைக் குறைக்காதபோது, புதிய பேப்பர் ஃபில்டரைவிடச் சற்றே எளிதாகக் காற்று விடும் ஒன்று மைலேஜைக் கூட்டும் என்று எப்படி நம்புவது? டீசல் காரிலும் எரிபொருளின் அளவைத் தீர்மானிப்பது கணினிதான். தேவைக்கு மேல் காற்று ஏற்கெனவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் காரில் பிக்கப் உண்மையிலேயே குறைந்திருந்தால், பழைய பேப்பர் ஃபில்டரை எடுத்துவிட்டுப் புதிய பேப்பர் ஃபில்டரைப் போட்டாலே வித்தியாசம் தெரியும்.

துணி ஃபில்டர் தூசியைப் பிடிப்பது அதில் தடவப்படும் எண்ணெயின் துணையால்தான். கழுவியபின் எண்ணெயைக் குறைவாகத் தடவினால் நுண்ணிய மணல் தூள் உள்ளே போகும். கூடுதலாகத் தடவினால், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியில் எண்ணெய் படிந்து அளவு தப்பாகும். உள்ளே போகும் தூள், காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் இறகுகளையும், பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலான பரப்பையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஆயில் குடிக்க ஆரம்பித்த பிறகுதான் அது நமக்குத் தெரியவரும்.

ஆகவே, கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்குக் காத்திருக்காமல் பாதித் தூரத்திலேயே பேப்பர் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கிளிப்புகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும், ஃபில்டருக்கு அப்பால் என்ஜின் பக்கமாக உள்ள குழாயின் உட்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நிம்மதி. தவிட்டு நிறத்தில் பொடி ஒட்டினால், ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சரியாக உட்காரவில்லை, அல்லது ஒரு கிளிப் உடைந்திருக்கிறது என்று பொருள். எந்த ஃபில்டர் என்ற கேள்வியைவிட இந்த விளிம்பு முக்கியம்.

இனி இன்ஷூரன்ஸ். உங்கள் மைத்துனர் தம் ஊர் நிலவரத்தைச் சொல்கிறார். அங்கே 2012-இல் வந்த சட்டப்படி, கம்பெனி கேட்கும் கேள்விகளுக்குப் பிழையான தகவல் தராமலிருக்க வாடிக்கையாளர் தக்க கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு: தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில்தான். அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. ஆனால் ஏர் ஃபில்டர் ஆர்.சி.யில் எழுதப்படும் விவரம் அல்ல. வேறு கம்பெனியின் பேப்பர் ஃபில்டரை அதே பெட்டிக்குள் போடுவது வெறும் உதிரிபாகம் மாற்றுவதுதான். அதற்கு யாருக்கும் தகவல் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது, பாலிசிக்கான விண்ணப்பத்தில் நீங்கள் போடும் கையெழுத்து. வண்டியில் மாற்றம் ஏதேனும் செய்யப்பட்டுள்ளதா என்று கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லவேண்டும். துணி ஃபில்டர் அதே பெட்டியில் உட்கார்ந்தாலும், வண்டியின் திறனைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள் என்பதால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது, செலவில்லாத காரியம். பெட்டியையே கழற்றி எறிந்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டுவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். என்ஜின் சூட்டுக் காற்றை இழுக்கும், இரைச்சல் கூடும். தாழ்வாக மாட்டியிருந்தால் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தேங்கிய தண்ணீரை உறிஞ்சி என்ஜினையே உடைத்துவிடும். அப்போது சேதத்தை மதிப்பிட வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் முதலில் பார்ப்பது அந்தக் கூம்பைத்தான்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். சாதாரண பாலிசியில் தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இழப்பீடு கிடையாது. தூசி தின்ற என்ஜினுக்கு, நீங்கள் ஃபில்டரைப் பற்றித் தெரிவித்திருந்தாலும் பணம் வராது. வேறு காரணத்தால் கிளெய்ம் மறுக்கப்பட்டு, எழுத்துமூலம் முறையிட்டும் கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) கட்டணமின்றிப் புகார் செய்யலாம். பாலிசியைக் கோவைக் கிளையில் எடுத்திருந்தாலும், உங்கள் வீடு கேரளத்தில் இருப்பதால் கொச்சி அலுவலகத்தையே அணுகலாம்.

கேள்வி: கம்ப்ரஸர் காற்றால் பேப்பர் ஃபில்டரை ஊதிச் சுத்தம் செய்து மறுபடி போடலாமா?
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: சர்வீஸுக்கு இடையில் ஒருமுறை, என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத்தில் ஊதலாம். பஞ்சர் கடைகளில் ஊதுவதுபோல் முழு வேகத்தில் பிடித்தால் காகித மடிப்பு கிழியும். கண்ணுக்குத் தெரியாத கிழிசல் போதும். ஊதியபின் உள்ளே டார்ச் அடித்து வெளியிலிருந்து பாருங்கள். ஒளி ஏதேனும் ஓரிடத்தில் புள்ளியாகக் குத்தினால் அந்த ஃபில்டரைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.