பச்சைச் சுருட்டு: ருசி வேறா, நிறம் மட்டும்தானா?

கேள்வி: மேலே பச்சை இலை சுற்றிய 'கேண்டெலா' சுருட்டுக்கு நிஜமாகவே தனி ருசி உண்டா? அதை ஏன் சிலர் தேடிப் பிடிக்கிறார்கள்?

ருசி வேறுதான். ஆனால் பாதிச் சுருட்டு வரைக்கும்தான் அந்த வேறுபாடு. அதற்குமேல் உள்ளே இருக்கிற புகையிலை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிடும். நான் பிடித்ததே மொத்தம் இரண்டு என்பதால், கரை கண்டவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் அத்தை மகன் அமெரிக்காவில் டாம்பாவில் இருக்கிறான். ஒரு காலத்தில் சுருட்டுக்கே பேர்போன ஊர் அது. போன பொங்கலுக்குச் சேலம் வந்தபோது ஐந்து சுருட்டு எடுத்துவந்தான். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தாத்தா பிடித்தது கன்னங்கரேலென்ற திருச்சிச் சுருட்டு. இதுவோ நிழலில் காய்ந்த முருங்கை இலை நிறத்தில், வழவழவென்று, யாரோ விளையாட்டுக்குச் சுருட்டியது போல இருந்தது.

"சாயம் கீயம் முக்கியிருக்கானாடா?"

"அட போ மச்சான், இலையே அப்படித்தான்."

அவன் சொன்னது நிஜம். சாயம் கிடையாது. கறிவேப்பிலையைப் பறித்துச் சும்மா போட்டுவையுங்கள், நாலு நாளில் வதங்கிக் கறுத்துப்போகும். அதையே காய்ந்த எண்ணெயில் போட்டால் படபடவென்று பொரிந்து பச்சையாகவே நிற்கும். இதுவும் ஏறக்குறைய அந்தக் கதைதான். வழக்கமான சுருட்டு இலையைக் கொட்டகையில் தொங்கவிட்டால் பழுப்பாக ஒன்றரை, இரண்டு மாதம் பிடிக்கும். அந்த நாட்களில் பச்சையம் மெல்ல அழிந்து, இலையிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக உடையும். கேண்டெலாவுக்கு இலையைக் கொஞ்சம் இளசாகவே பறித்து, கொட்டகையை அடைத்து, சூட்டைப் படிப்படியாக ஏற்றி 70 டிகிரி செல்சியஸ் தாண்டவிடுகிறார்கள். மூன்று நான்கு நாளில் வேலை முடிந்துவிடும். இலையைப் பழுப்பாக்குகிற நொதிகள் அந்தச் சூட்டில் செயலிழந்துபோவதால் பச்சை அப்படியே தங்கிவிடுகிறது. ஒரே தேயிலைதான் கிரீன் டீயாகவும் சாதாரண டீயாகவும் ஆகிறதே, அந்த மாதிரி. ஸ்பானிஷில் கேண்டெலா என்றால் நெருப்பு என்றும் பொருள் உண்டு, பெயர் பொருத்தம்தான்.

ருசிக்கு வருகிறேன். முதல் சுருட்டை ஏற்காட்டில், எங்கள் காப்பித் தோட்டத்துக் களத்தில் உட்கார்ந்து பற்றவைத்தேன். தை மாதம் சருகெல்லாம் மொறுமொறுவென்று கிடக்கும், மரத்தடியில் நெருப்பு வைத்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். அதனால் பழம் காயப்போடுகிற சிமெண்டுத் தரையில், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீரோடு.

பற்றவைக்கும் முன்பே நுனியை வெட்டிச் சும்மா ஒரு இழுப்பு இழுத்தேன். வந்தது புகையிலை வாசனையே இல்லை, சோளத்தட்டு வாசனை! அறுத்து இரண்டு நாள் வெயிலில் கிடந்து, இன்னும் முழுக்கக் காயாத தட்டைக் கட்டிப் போர் போடும்போது வருமே, அதே இனிப்பான பச்சை நெடி. ஓமலூர்ப் பக்கம் ஆத்தா வீட்டுக் கட்டுத்தறிக்கே போய்வந்த மாதிரி இருந்தது. உதட்டில் லேசாக ஒரு தித்திப்பு. பற்றவைத்த பிறகு முதல் பத்து நிமிடம் பால் விடாத டீயின் துவர்ப்பு, நடுநடுவே வெள்ளை மிளகு தொண்டையில் சுருக்கென்று. பச்சைக் கடலையை உரித்துத் தின்றால் நாக்கில் நிற்குமே, அந்த வாடையும் உண்டு. தாத்தாவின் சுருட்டில் இருந்த தார் மாதிரியான கனம் இதில் துளியும் இல்லை. எனக்குப் பிடித்தது இந்தப் பத்து நிமிடம்தான். புகை என்ற நினைப்பே இல்லாமல் ஏதோ தழை வாசனையை மென்றுகொண்டிருப்பது போல ஒரு ஏமாற்று.

பாதி தாண்டியதும் மரத்தூள், வறுத்த கடலை என்று எல்லாச் சுருட்டுக்கும் பொதுவான பாதைக்கு வந்துவிட்டது. கடைசி இரண்டு விரற்கடை, மன்னிக்க வேண்டும், கீரை வெந்த தண்ணீர். அங்கேயே அணைத்துவிடுவது நல்லது.

ஏற்காட்டுக்காரன் இதைச் சொல்லக்கூடாது, ஆனால் இதோடு காப்பி குடிக்காதீர்கள். டிக்காஷன் அந்தப் பச்சை வாசனையை மொத்தமாக விழுங்கிவிடும். வெறும் தண்ணீர் போதும்.

தோட்டத்தில் காவல் பார்க்கிற பெரியவர் ஐம்பது வருடச் சுருட்டுக்காரர். அவருக்கு ஒன்று கொடுத்தேன். மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏந்தம்பி, வேவறதுக்கு முந்தியே எறக்கிப்புட்டானாட்டம் இருக்குது" என்றார். நான்கு இழுப்பு இழுத்து, அணைத்து, மிச்சத்தைக் காதில் செருகிக்கொண்டார். தன் சுருட்டை எடுத்துப் பற்றவைத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. அவர் கட்சி எனக்குப் புரிகிறது. பழுத்த இலையின் ஆழம் இதற்குக் கிடையாது. காரத்துக்காகச் சுருட்டுப் பிடிப்பவருக்கு இது தண்ணீர் கலந்த மோர்தான்.

ஆனால் இதே பச்சை ஒரு காலத்தில் அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டது. 1950, 60களில் அங்கே இதுதான் சாதாரணச் சுருட்டு. பச்சை ரகத்துக்குப் பெயரே 'அமெரிக்கன் மார்க்கெட் செலக்ஷன்', பழுப்பு ரகம் 'இங்கிலீஷ் மார்க்கெட் செலக்ஷன்'. 1962இல் கென்னடி கியூபாவுக்குத் தடை போட்ட பிறகு இலை வேறு வேறு நாடுகளிலிருந்து வர ஆரம்பித்தது, ஜனங்களின் நாக்கும் பழுப்புக்கு மாறியது. இப்போது சில கம்பெனிகள் மார்ச் மாதம், ஐரிஷ்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாளை ஒட்டிப் பச்சை நிறத்துக்காகவே கொஞ்சமாக இறக்குகின்றன. அப்படிப் பார்த்தால் நீங்கள் கேட்ட 'வெறும் நிறம்தானா' என்பதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

இன்னொன்று. பச்சை என்றதும் என் தங்கை, "மூலிகைச் சுருட்டாண்ணா?" என்று கேட்டாள். இல்லை. உள்ளே இருப்பது முழுப் புகையிலை, நிகோடின் அப்படியே இருக்கிறது, வாய்ப்புற்றுக்கு இலையின் நிறம் தெரியாது. இதுவரை பழக்கம் இல்லாதவர் ருசி பார்க்கவென்று தொடங்க வேண்டிய சமாசாரம் இல்லை இது.

வைத்துக்கொள்வதுதான் பெரிய தலைவலி. இந்த இலை மற்றதைவிடச் சன்னம், அப்பளம் மாதிரி நொறுங்கும். ஒன்றை சேலம் வீட்டு பீரோவில் மறந்துவிட்டேன். சித்திரை வெயிலில் மேலிலை நீளவாக்கில் வெடித்து உரிந்து வந்தது. இன்னொன்று ஏற்காட்டு வீட்டு ஜன்னல் ஓரம் இருந்தது. அது வெடிக்கவில்லை, ஆனால் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பச்சை வெளுத்துப்போய், பழைய ஓலை மாதிரி மஞ்சளாகி, மழைக்காலத்தில் அடியில் பூசணமும் பிடித்தது. இரண்டுக்கும் நடுவில், மலைப்பாதை வளைவில்தான் குடியிருக்க வேண்டும் போல. மிஞ்சிய ஒன்றை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, இருட்டான அலமாரியில் வைத்திருந்து ஆடியில் பிடித்தேன். சோளத்தட்டு வாசனையில் முக்கால்வாசி போயிருந்தது. யாராவது வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவதாக இருந்தால் பெட்டியாகக் கேட்காதீர்கள், ஒன்றோ இரண்டோ போதும். வந்த வாரமே பிடித்துவிடுங்கள்.