ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கம் இருக்குற கடலோர ரோடு, கிரேட் ஓஷன் ரோடு, ஒரே நாள்ல, தலை சுத்தல் வர்ற வயசான அம்மாவோட முடியுமா?
முடியும்ங்க, ஆனா மெல்போர்ன்ல இருந்து போக வர ரெண்டு தடவையும் கடலோர ரோட்டுலயே ஓட்டாதீங்க, வளைவா போகும், அம்மாவுக்கு தலை சுத்தும்னு வேற சொல்றீங்க. காலையில டார்க்கி வழியா போங்க, கடல் இடது பக்கமே வரும், ஓரங்கட்டி நிறுத்த ஈஸி, திரும்பும்போது கோலாக் வழியா ஹைவேல வந்தா சுமார் மூணு மணி நேரம்.

ஈஸ்டர்ன் வியூல ஒரு தோரண வாயில் வரும், எல்லாரும் செல்ஃபி எடுத்துட்டு ஓடிடுறாங்க, ஆனா அந்த ரோடே ஒரு போர் நினைவுச்சின்னம் தான், முதல் உலகப்போர்ல இருந்து திரும்பின சுமார் 3000 வீரர்கள் 1919ல ஆரம்பிச்சு கடப்பாறையும் மண்வெட்டியுமா பாறையை வெட்டி, செத்துப்போன தோழர்களுக்காக போட்டது, முடிய 1932 ஆச்சு.

போர்ட் கேம்ப்பெல் நேஷனல் பார்க்ல கடல்ல தூண் மாதிரி நிக்குற பாறைகளுக்கு ட்வெல்வ் அப்போசில்ஸ் (பன்னிரண்டு அப்போஸ்தலர்கள்)னு பேர் தான், 12 பாறையை எண்ணித் தேடாதீங்க. சுண்ணாம்புப் பாறை, அலை அரிச்சு 2005ல கூட ஒண்ணு சரிஞ்சுது. பார்வை மேடை வரைக்கும் நல்ல நடைபாதை, அம்மா மெதுவா வந்துருவாங்க. கடற்கரைக்கு இறங்குற கிப்சன் ஸ்டெப்ஸ் மட்டும் வேணாம், 86 படி, எனக்கே மூச்சு வாங்கும். பதிலா லாக் ஆர்ட் கார்ஜ்ங்கிற கடலோரப் பாறைப் பிளவை மேல இருந்தே காட்டுங்க, 1878ல லாக் ஆர்ட்ங்கிற கப்பல் உடைஞ்சு ரெண்டே பேர் பொழைச்ச இடம்.