மெமரி கிடைக்காமல் போகுமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

தொண்டியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சின்ன கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். படகுகளில் பொருத்தும் ஜிபிஎஸ் கருவிக்கான லினக்ஸ் டிரைவரை (கருவியை இயக்கும் புரோகிராமை) ரிவ்யூ செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஓரிடத்தில், மெமரி கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "லினக்ஸில் சின்ன அளவு கேட்டால் இல்லை என்றே சொல்லாது, அதைப் பார்த்து நேரத்தைக் கழிக்காதே" என்றார் சீனியர். அவர் சொல்வது சரியா? அந்த ஃபங்ஷனை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் சீனியர் சொன்னது பாதி சரி. காத்திருக்கலாம் என்ற அனுமதியோடு, மெமரி கேட்கும் ஃபங்ஷனான கேமல்லாக்கில் 8 பக்கம் வரை, அதாவது 4 கேபி பக்கம் என்றால் 32 கேபி வரை கேட்டால், லினக்ஸின் மையமான கெர்னல் எப்படியாவது புரட்டித் தரத்தான் பார்க்கும், தேவைப்பட்டால் ஏதாவது ஒரு புராசஸைக் கொன்றுகூடத் தரும். ஆனால் ஹார்ட்வேர் குறுக்கிட்டு அழைக்கும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ, ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்திருக்கும்போதோ காத்திருக்க வழியில்லை. அங்கே 'அட்டாமிக்', அதாவது காத்திருக்காமல் தா, என்று போட்டுத்தான் கேட்க முடியும், இல்லை என்ற பதில் அங்கே நிஜமாகவே வரும்.

அதை விடுங்கள். தோற்றால் திரும்பி வரும் வழி மெமரிக்கு மட்டுமா இருக்கிறது? கருவியைக் கண்டதும் ஓடும் புரோப் ஃபங்ஷனில் மெமரி, இன்டரப்ட், ரெகுலேட்டர் (மின்சாரம் தருவது), கிளாக் என்று வரிசையாக வாங்குகிறோம், எது கிடைக்காவிட்டாலும் அதே கோட்டூ லேபிள்கள் (தோற்றால் தாவிப்போகும் இடங்கள்) வழியாகத்தான் இறங்கி வரவேண்டும். மெமரி தோற்காமல் இருக்கலாம், ரெகுலேட்டர் தோற்கும். அதன் டிரைவர் இன்னும் எழவில்லை என்றால் 'பிறகு வா' என்று மைனஸ் 517 என்ற பிழை எண் வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு டிரைவரைப் படித்து, சரி என்று என் பெயரைப் போட்டு அனுப்பினேன். அதில் இன்டரப்டைப் பதிவு செய்த பிறகு ரெகுலேட்டரைக் கேட்டிருந்தார்கள். அது தோற்றால் மெமரியை விடுவித்துவிட்டுத் திரும்பும், இன்டரப்ட் மட்டும் பதிவிலேயே நிற்கும். எங்கள் போர்டில் ரெகுலேட்டர் எப்போதும் முன்னாலேயே எழுந்துவிடும், அதனால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. புது போர்டில் வரிசை மாறியது, அடுத்த இன்டரப்டில் ஹேண்ட்லர் விடுவித்த மெமரியைத் தொட்டது, கருவி செத்தது. நான் படித்த கோடு அது. மேலிருந்து கீழே, எல்லாம் கிடைத்துவிட்ட கதையாக மட்டும் படித்திருந்தேன்.

இப்போது வேறு மாதிரி படிக்கிறேன். தோற்கக்கூடிய ஒவ்வொரு வரியிலும் நின்று, இந்த நொடியில் என்னென்ன கையில் இருக்கிறது என்று தாளில் எழுதிவிட்டு, அப்புறம் லேபிளுக்குப் போய் ஒவ்வொன்றாக அடிப்பேன். வாங்கிய வரிசைக்கு நேர் தலைகீழாக விடவேண்டும். வள்ளத்தில் வலை அடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள், கடைசியாக வைத்த மடிப்புதான் கடலில் முதலில் இறங்கும், நடுவிலிருந்து உருவினால் எல்லாம் சிக்கிவிடும்.

தோல்வி எந்த உருவத்தில் வருகிறது என்பதையும் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் பாருங்கள். கேமல்லாக் தோற்றால் 'நல்' (எந்த இடத்தையும் காட்டாத வெற்று பாயிண்டர்) தரும். ரெகுலேட்டர், கிளாக் கேட்கும் ஃபங்ஷன்கள் பிழை எண்ணையே பாயிண்டருக்குள் வைத்துத் தரும், அதை 'நல்' தானா என்று மட்டும் சோதித்தால் நல்ல பாயிண்டர் போலத் தாண்டிப் போய்விடும். யூசர் புரோகிராமின் டேட்டாவைக் கெர்னலுக்குள் எடுக்கும் காப்பி ஃப்ரம் யூசர் இன்னொரு விதம், காப்பி ஆகாமல் மிஞ்சிய பைட் எண்ணிக்கையைத் தரும். அதை அப்படியே ரிட்டர்ன் செய்தால், அழைத்தவர் அந்தப் பாசிட்டிவ் எண்ணை வெற்றி என்று எடுத்துக்கொள்வார். இதை நான் பலமுறை பிடித்திருக்கிறேன்.

2015-இல் 4.0 கெர்னலோடு வந்த கேஸான் என்ற பிழை பிடிக்கும் வசதி, விடுவித்த மெமரியைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும், கட்டாயம் போட்டு ஓட்டுங்கள். ஆனால் ஓடிய வழியைத்தான் அது பார்க்கும். ஃபெயில்ஸ்லாப் என்ற சோதனை வசதியை இயக்கி மெமரியை வேண்டுமென்றே தோற்கடித்தால் ஓடாத வழிகளில் சில ஓடும். மீதியைக் கண்ணால் படிக்க நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள். பாக் விரிகுடாவில் இரவு படகு ஓட்டுகிறவர் எல்லைக் கோடு எங்கே என்று அந்தத் திரையைத்தான் பார்க்கிறார். அது உறைந்து நின்றால் என்ன ஆகும் என்று தொண்டிக்காரரான உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சீனியரிடம் 'மெமரி தோற்றால்' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்த வரி தோற்கிறது, அப்போது எது உயிரோடு இருக்கிறது, அதை யார் தொடுவார் என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள், மறுக்க முடியாது.

உங்கள் ஃபங்ஷனை இங்கே போடவில்லை, அது கம்பெனியின் சொத்து. ஆனால் படித்தேன். நீங்கள் சந்தேகப்பட்ட இடம் ஒழுங்காக இருக்கிறது, அதற்குப் பத்து வரி கீழே பாருங்கள். டைமரை ஓடவிட்ட பிறகு கிளாக் தோற்றால் நேராக மெமரியை விடுவிக்கும் லேபிளுக்குத் தாவுகிறது. டைமர் நிற்கவே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருந்து நிறுத்தும் சிங்க் வகை ஃபங்ஷனை அழைத்து, ஒரு லேபிளை மேலே சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம்தான் மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீ.

அக்கா