பழைய ஜீப்புக்கு அகலமான ஆக்ஸில் தேவையா?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டப் பாதையில் ஓடும் பழைய ஜீப்பில் 28 அங்குல டயரை மாற்றி 33 அங்குலம் போட்டதும் பின் ஆக்ஸிலில், அதாவது இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சில், சக்கரத்தைச் சுழற்றும் தண்டு முறிந்தது என்கிறீர்கள். தடித்த தண்டுள்ள, அகலமான ஆக்ஸிலை மாட்டலாமா என்றும் கேட்கிறீர்கள். முறிந்ததில் வியப்பில்லை. டயரின் ஆரம் கூடினால், பாறையில் சக்கரம் பிடிக்கும்போது தண்டில் ஏறும் முறுக்கமும் (அதைத் திருகும் விசை) அதே விகிதத்தில் கூடும். நீங்கள் மாற்றிய டயர் அளவுக்கு இது ஏறத்தாழ 18 சதவீதம்.

தடித்த தண்டு இதற்குச் சரியான தீர்வு. முறுக்கு வலிமை விட்டத்தின் மும்மடிக்கேற்ப (விட்டம் × விட்டம் × விட்டம்) உயர்வதால், விட்டம் 10 சதவீதம் கூடினாலே வலிமை 33 சதவீதம் கூடும். அந்த அழகான கணக்கை நம்பிச் செலவு செய்யலாம்.

ஆக்ஸிலின் அகலம் வேறு விஷயம். அகலமானால் சக்கரங்கள் தள்ளி நிற்கும்; சரிவில் பக்கவாட்டில் கவிழும் அபாயம் குறையும், உண்மைதான். ஆனால் மழையில் அரித்த குறுகிய தோட்டப் பாதையில் வெளிச்சக்கரம் விளிம்பை நெருங்கும். சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் எதிரே பஸ் வந்தால் ஒவ்வொரு அங்குலமும் முக்கியம். நானாக இருந்தால் வலுவை எடுத்துக்கொண்டு அகலத்தை அளவோடு நிறுத்துவேன்.

முன், பின் ஆக்ஸில்களின் பல்விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற அதை இயக்கும் தண்டு எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற கணக்கு) ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் நான்கு சக்கர இயக்கத்தில் கியர்கள் ஒன்றையொன்று இழுத்து நொறுங்கும். பிரேக் குழாய், ஸ்டியரிங் இணைப்பு, புரொப்பெல்லர் ஷாஃப்ட் (எஞ்சின் பக்கமிருந்து ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் தண்டு) நீளம் ஆகியவற்றையும் மாற்ற நேரிடலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. பட்டறைக்கு முன்பணம் கொடுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.